சிவப்புப் பட்டைக்குள் பத்தொன்பது நாட்கள்

கனிஷாய் எஜே ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கராகோல் நகரத்துக்கு வெளியே ஏரிக்குப் போகும் சாலையில் எங்கள் பால் ஆலை. அதில் என் சோதனைக்கூடத்துக்கும் அவருடைய அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் குடுவையில் பாலை ஊற்றி, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுப் புளிப்புப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர் கணினி முன்னால் நின்றபடியே எண்களைத் தட்டுவார், சன்னல் வரை போவார், திரும்பி வந்து தட்டியதை அழிப்பார், மறுபடி சன்னலுக்குப் போவார். அவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், நிதானமான மனிதர். ஒருமுறை ஆலை விருந்துக்கு வந்தவர் சொன்னார்: "இவகூட உக்காந்து ஒரு டீ குடிக்கணும்னு இருபத்தாறு வருஷமா ஆசைப்படறேன். இவ கோப்பையக் கையில வெச்சுக்கிட்டு வீட்டையே சுத்தி வருவா."

வயதில் மூத்த பெண் யாரானாலும் எங்களுக்கு எஜே, ஆண் என்றால் பைகே. ஆலையின் இயக்குநரைக்கூட ஏசென் பைகே என்றுதான் கூப்பிடுவோம். கனிஷாய் எஜே முன்பு கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் மாதக்கணக்கில் சம்பளம் வராத காலத்தில் ஆலைக்கு வந்தவர். பன்னிரண்டு கொள்முதல் நிலையங்களிலிருந்து தினமும் டேங்கரில் பால் வரும். எந்த ஊரிலிருந்து எவ்வளவு வந்தது, கொழுப்பு எவ்வளவு, எது புளித்துப்போய்த் திருப்பி அனுப்பப்பட்டது, எல்லாம் அவர் கணினிக்குள் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர்கள் ஏழு பேர் கூடுவார்கள். அவர்களுக்கு இதையெல்லாம் திரையில் காட்டி விளக்குவது எஜேயின் வேலை.

ஆரம்பத்தில் அவர் அறுபது எழுபது பக்கத்துக்கு எக்செல் தாள்களை அச்செடுத்துக் கொடுப்பார். யாரும் படிக்கமாட்டார்கள். ஒருவர் அதன்மேல் டீக்கோப்பையை வைப்பார், இன்னொருவர் விசிறிக்கொள்வார். ஒருநாள் ஏசென் பைகே சொல்லிவிட்டார்: "இந்த மூட்டையெல்லாம் இனிமே வேணாம் கனிஷாய். ஆறு ஸ்லைடு போடு. ஒவ்வொண்ணுலயும் ஆறு வரிக்கு மேல இருக்கக்கூடாது. அவங்க வியாபாரிங்க, பரீட்சைக்குப் படிக்க வரல."

எஜேக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். ஓராண்டுக்குள் ஸ்லைடு போடுவதில் தேர்ந்துவிட்டார். கூட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள். அவருக்கும் அது பிடித்துப்போனது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

அப்படி ஒரு நவம்பர் கூட்டத்தில்தான் அந்தப் படத்தைக் காட்டினார். பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு பட்டை. அந்த ஆண்டு ஒவ்வொரு ஊரிலிருந்தும் நூற்றுக்கு எவ்வளவு பால் கெட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது என்பது பட்டையின் உயரம். பதினொன்று பச்சை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட எழும்பி நின்றது, சிவப்பு. சாரி-தோபோ, 6.1. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது எஜேதான்.

"இந்த ஊர் எப்பவும் இப்படித்தானா?" என்று ஒருவர் கேட்டார்.

"கோடி மூலையில இருக்கு, ரோடும் மோசம்," என்றார் ஏசென் பைகே. "நிறுத்திடலாமா?"

ஏழு கைகள் உயர்ந்தன. நான் சோதனைக்கூடத்தின் சார்பில் கடைசி வரிசையில் இருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது, ஏனென்றால் எனக்குப் பசித்தது. சாரி-தோபோவுக்கு ஆன நேரம் நான்கு நிமிடம். அடுத்த ஸ்லைடு புதிய பாலாடைக்கட்டிப் பிரிவின் புகைப்படம். அதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள்.

குளிர்காலம் போய் ஏப்ரலில் ஏசென் பைகே எஜேயைக் கூப்பிட்டார். பங்குதாரர்களுக்கு ஸ்லைடும் சலித்துவிட்டதாம். எல்லைக்கு அப்பால் அல்மாட்டி நகரத்தில் ஒரு ஆலையில் பெரிய திரையில் எண்கள் தாமாகவே ஓடுவதை யாரோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "மே மாசக் கடைசிக்குள்ள நல்ல சாஃப்ட்வேர் ஒண்ணு பாத்துச் சொல்லு. கூட்டத்துல ரெண்டு மூணு காட்டு, அவங்களே தேர்ந்தெடுக்கட்டும். ஆனா அல்மாட்டிக்காரனோடத நல்லாப் பாரு. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"பாத்துட்டுப் பிடிச்சுதா, பாக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சுதா பைகே?"

"உன் வாய் இருக்கே!" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

அல்மாட்டிக்காரன் பெயர் சன்ஜார். மலையைச் சுற்றிக்கொண்டு எட்டு மணி நேரம் தானே கார் ஓட்டி வந்திருந்தான். மடிக்கணினியைத் திறந்தான். எங்கள் ஆலையே அதற்குள் விளக்கு போட்டதுபோல் எரிந்தது. வேகமானியைப் போல முள் சுழன்றது, பால் வரத்து நீல அலையாக ஏறி இறங்கியது, ஊர்களெல்லாம் வரைபடத்தில் பூத்துப் பூத்து அடங்கின. ஏசென் பைகே குழந்தையைப் போல வாய் திறந்து பார்த்தார். எனக்கும் பிடித்திருந்தது. எஜே மட்டும் அவன் நாற்காலிக்குப் பின்னால் இடமும் வலமுமாக நடந்துகொண்டிருந்தார்.

"எஜே, நீங்க உக்காந்தீங்கன்னா எனக்குக் கொஞ்சம் பயம் குறையும்," என்றான் சன்ஜார்.

"நான் உக்காந்தா எனக்குப் பயம் வந்துரும் தம்பி. நீ சொல்லு."

மொத்தம் மூன்று மென்பொருள்கள் கைக்கு வந்தன. முதலாவது எங்களிடம் இருந்த ஸ்லைடு மென்பொருளின் புதிய பதிப்பு. இரண்டாவது சன்ஜாருடையது. மூன்றாவது தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பெண்ணும் அவள் தம்பியும் சேர்ந்து எழுதியது. மருத்துவமனைச் சுவர் மாதிரி ஒரு சாம்பல் நிறம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. எஜே அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் ஒரே வாரத்தில் பதினொரு தடவை கூப்பிட்டார். பதினோராவது தடவை அவள், "எஜே, பேசாம நீங்க எங்ககூட வந்து குடியேறிடுங்களேன்," என்றாள்.

மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவேண்டும் என்பது கணக்கு வாத்தியாரின் புத்தி. போன ஆண்டின் முழுக்கணக்கையும் மூன்றிலும் ஏற்றினார். ஸ்லைடில் பழையபடி சாரி-தோபோ சிவப்பாக நின்றது. சன்ஜாருடையதில் சிவப்பு மூச்சு விடுவதுபோல் மினுங்கியது. தொட்டால் மாதங்கள் பிரிந்து, ஜூலை மட்டும் தனியே உயர்ந்தது. அதைத் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை. மாதத்தோடு சரி.

சாம்பல் மென்பொருளில் அதே பட்டையைத் தொட்டார். மாதங்கள் வந்தன. ஜூலையைத் தொட்டார். நாட்கள் வந்தன. நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். எஜே நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். சன்னலுக்குப் போகவில்லை. அது எனக்கு வினோதமாக இருந்ததால் குடுவையை வைத்துவிட்டு எழுந்தேன். அதற்குள் அவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"சுல்மா, போன வருஷச் சோதனை நோட்டு எங்க இருக்கு?"

"பரண்ல. என்ன எஜே?"

"எடு. எடு சீக்கிரம்."

தூசு தட்டித் திறந்தோம். என் கையெழுத்துதான். ஜூலை நான்கு, சாரி-தோபோ, புளிப்பு, திருப்பு. ஐந்து, திருப்பு. ஆறு, திருப்பு. இருபத்திரண்டு வரை ஒரு நாள் விடாமல் திருப்பு. இருபத்து மூன்று, நல்ல பால். அதற்கப்புறம் நவம்பரில் ஊரை நிறுத்தும் வரை நல்ல பால். ஜூலை நான்குக்கு முன்னாலும் நல்ல பால். அந்தப் பத்தொன்பது நாளை எடுத்துவிட்டால் நூற்றுக்கு ஒன்றுகூடக் கெடவில்லை. பன்னிரண்டு ஊரிலும் அதுதான் முதலிடம்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டேங்கர் சோதிக்கிறேன். ஜூலையில் எழுதியதை நவம்பரில் மறந்துவிட்டேன். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு பசிக்கிறதே என்று கடிகாரம் பார்த்தவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

"இன்னும் இருக்கு, வா," என்று எஜே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். திரையில் ஜூலை ஐந்தைத் தொட்டார். அன்றைய டேங்கர் சீட்டு முழுதாக விரிந்தது. எக்செல் தாளில் வலது கோடியில் குறிப்புக்கென்று ஒரு பத்தி உண்டு. அவ்வளவு தூரம் யாரும் நகர்த்திப் பார்ப்பதில்லை. சாம்பல் மென்பொருள் அதை எண்ணுக்குக் கீழேயே கொண்டுவந்து வைத்திருந்தது. ஓட்டுநர் எழுதியிருந்தார்: 'தொட்டி குளிரவில்லை. கம்ப்ரஸர் போய்விட்டது. மெக்கானிக்கிடம் சொல்லியாகிவிட்டது.' ஆறாம் தேதி: 'மறுபடி சொன்னேன்.' ஒன்பதாம் தேதி: 'வருவதாகச் சொன்னார்கள்.' பதினான்கு: 'வரவில்லை.'

ஊரில் பாலைக் குளிரவைக்கும் அந்தத் தொட்டி எங்கள் ஆலையுடையது. அதைப் பழுதுபார்க்க வேண்டியதும் நாங்கள்தான். ஆலைக்கு இருந்தது ஒரே மெக்கானிக். அந்த ஜூலை முழுக்க அவன் எங்கே இருந்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பாலாடைக்கட்டிப் பிரிவில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தான். ஏசென் பைகேயின் கனவு அது.

"நான் தட்டினதுதான்," என்றார் எஜே. "ஒவ்வொரு எழுத்தும் என் கையால தட்டினது. தட்டிட்டு, அதுக்கு மேல ஒரு சிவப்பு வேற பூசினேன்."

அன்றைக்கே ஏசென் பைகேயிடம் போனார். அவர் தொலைபேசியில் இருந்தார். கையைக் காட்டி, "எந்த சாஃப்ட்வேர்? அத மட்டும் சொல்லு, மத்தது அப்புறம்," என்றார். மறுநாள் போனார். அதே பதில். மூன்றாவது முறை, "சாரி-தோபோவப் பத்தி ஒரு விஷயம் பைகே," என்று ஆரம்பித்ததும் அவர் முகம் சுளித்தார். "அது முடிஞ்சுபோன கதை. உன்கிட்ட நான் கதை கேட்டேனா? அல்மாட்டிக்காரன் ஒப்பந்தம் அனுப்பியிருக்கான், அதப் படி."

அந்த வாரம் எஜே படுத்திய பாடு சொல்லி மாளாது. மதியம் கடைத்தெருவில் இருவரும் அஷ்லான்-ஃபூ சாப்பிடுவோம். குளிர்ந்த காடிச்சாறில் நூடுல்ஸ், ஐந்து நிமிட வேலை. அவர் இரண்டு வாய் போட்டுவிட்டு எழுந்து வெளியே போவார், வருவார், "சுல்மா, நாம பாத்தது சரிதானே?" என்பார். நோட்டை மறுபடி எடுக்கச் சொல்வார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"எஜே, உங்களுக்கு இப்ப என்னதான் வேணும்?"

"அந்த ஊருக்குப் போகணும்."

சனிக்கிழமை சிற்றுந்தில் போனோம். ஒன்றரை மணி நேரம். ரோடு ஏசென் பைகே சொன்ன அளவுக்கு மோசமில்லை. கொள்முதல் நிலையத்தின் கதவில் பூட்டு. அதை நடத்தியவள் ஜூரா எஜே, அறுபதைத் தாண்டியவள், பக்கத்து வீடு. முற்றத்தில் கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தாள். ஆலையிலிருந்து வருகிறோம் என்றதும் உதறுவதை நிறுத்தவில்லை. தூசு எங்கள் பக்கம் வந்தது.

"மூட வந்தீங்களா? அதுதான் மூடியாச்சே. பூட்டு சரியாத் தொங்குதான்னு பாக்க வந்தீங்களோ?"

"என் பேரு கனிஷாய். அறிக்கை போடறவ."

ஜூரா எஜே கம்பளத்தைக் கீழே விட்டாள். "ஓ, அந்தச் சிவப்பு நீங்கதானா! வாங்க வாங்க, முகத்தக் காட்டுங்க. நிறுத்தறோம்னு கடுதாசி அனுப்பினப்ப கூடவே அந்தப் படத்தையும் அனுப்பினீங்களே, ஊரே பாத்துச்சு. என் மருமக கேக்கறா, 'அத்தை, எல்லா ஊரும் பச்சையா இருக்கு, நம்ம ஊரு மட்டும் ஏன் வெக்கப்பட்டுச் செவந்திருக்கு?'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

கனிஷாய் எஜே குனிந்து கம்பளத்தின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

"பத்தொன்பது நாள் கூப்பிட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னாங்க. பாலக் கன்னுக்குட்டிக்கு ஊத்தினோம். பன்னி வளக்கற ருஷ்யக் கிழவருக்குக் குடுத்தோம். நாய்க்கு ஊத்தினோம். எங்கூரு நாயெல்லாம் கொழுத்துப்போய்க் குலைக்கக்கூட மாட்டேங்குது. அது ஒண்ணுதான் மிச்சம்."

எண்பத்து நான்கு குடும்பங்கள் பால் ஊற்றிய ஊர் அது. நவம்பருக்குப் பிறகு இருபத்து மூன்று பேர் மாட்டை விற்றுவிட்டார்கள். மீதிப் பேர் பாலைக் கட்டியாக்கி, உருட்டிக் காயவைத்து, கோடையில் ஏரிக்கரைக்கு வருகிறவர்களிடம் விற்கலாம் என்று சாக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூரா எஜேயின் மருமகள் இரண்டு சாக்குகளைக் காட்டினாள்.

"தப்பு என்னோடது," என்றார் கனிஷாய் எஜே. "மெக்கானிக் வராதது ஆலையோட தப்பு. அதப் பாக்காம விட்டது என் தப்பு."

"தப்ப வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, ரொட்டில தொட்டுத் திங்கறதா? டேங்கர அனுப்பச் சொல்லு."

"அது என் கையில இல்ல."

"அப்ப எதுக்கு வந்த?"

கனிஷாய் எஜே முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தார். ஜூரா எஜே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் ரொட்டியும் பாலேடும் கொண்டுவந்து வைத்தாள்.

"உக்காரு. நின்னுக்கிட்டுத் திங்கறவங்களுக்கு இந்த வீட்ல எதுவும் கெடையாது."

எஜே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தப் பாலேட்டைச் சோதித்துப் பார்க்க எனக்கு மருந்து தேவைப்படவில்லை. அப்படியொரு பால் அது.

மே இருபத்து நான்காம் தேதி காலை பத்து மணிக்குக் கூட்டம். சன்ஜாரும் வந்திருந்தான். முதலில் அவன் காட்டினான். முள் சுழன்றது, அலை எழுந்தது, ஏழு பேரும் சொக்கிப்போனார்கள். ஏசென் பைகே எஜேயைப் பார்த்து, மற்ற இரண்டையும் சட்டென்று முடி என்பதுபோலத் தலையாட்டினார்.

எஜே எழுந்தார். உண்மையில் அவர் உட்காரவே இல்லை, சுவரோரம்தான் நின்றுகொண்டிருந்தார். "மூணு சாஃப்ட்வேர்லயும் ஒரே விஷயத்தக் காட்டறேன். எது அதச் சரியாச் சொல்லுதுன்னு நீங்களே பாருங்க," என்று பழைய ஸ்லைடைத் திரையில் போட்டார். பதினொரு பச்சை, ஒரு சிவப்பு.

"இத நவம்பர்ல பாத்தோமே," என்றார் ஒருவர்.

"பாத்தோம். இதப் போட்டவ நான். இதப் பாத்துட்டு நாலு நிமிஷத்துல ஒரு ஊர நிறுத்தினோம். இப்ப சன்ஜார் தம்பியோடதுல பாருங்க." ஜூலை உயர்ந்து நின்றது. எஜே சன்ஜார் பக்கம் திரும்பினார். "இந்த ஜூலைக்குள்ள என்ன இருக்குன்னு காட்ட முடியுமா?"

சன்ஜார் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தினான். "இல்ல எஜே. மாசத்தோட நின்னுரும். உள்ள போறதுக்கு வழி வைக்கல. வெச்சா வேகம் கொறையும்," என்றான். விற்க வந்தவன் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை.

எஜே சாம்பல் மென்பொருளைத் திறந்தார். பட்டை, மாதம், நாள். பத்தொன்பது நாளும் கரிக்கட்டையை அடுக்கியதுபோல் வரிசையாக நின்றன. இருபுறமும் வெள்ளை. பிறகு ஓட்டுநரின் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, உரக்கப் படித்தார். நான் சோதனை நோட்டை மேசைமேல் வைத்தேன். கொண்டுபோகச் சொன்னது அவர்தான்.

பங்குதாரர்களில் ஒமோர் பைகே என்று ஒருவர், ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "பத்தொன்பது நாளா மெக்கானிக் எங்கம்மா போயிருந்தான்?"

"அது இந்த அறிக்கையில இல்ல பைகே," என்றார் எஜே.

ஏசென் பைகே மேசையில் கைவிரலால் தட்டிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். அவன் விடுப்பில் இருந்தான் என்றால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? "சீஸ் பிரிவுல இருந்தான்," என்றார் கடைசியில். "நான்தான் அங்கேர்ந்து நகரக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். கம்ப்ரஸர் போனது எனக்கும் சொன்னாங்க. ரெண்டு நாள்ல பாக்கலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

சாம்பல் மென்பொருளுக்கு நான்கு கைகள் உயர்ந்தன, சன்ஜாருடையதற்கு மூன்று. சாரி-தோபோவைத் திறப்பதற்கு ஏழும் உயர்ந்தன. எட்டாவதாக ஏசென் பைகேயின் கையும் உயர்ந்தது. ஆனால் நடைவழியில் அவர் எஜேயைப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? ஏழு பேருக்கு முன்னால என்னை உரிச்சுத் தொங்கவிட்டுட்ட."

"மூணு தடவ வந்தேன் பைகே."

"மூணு தடவ வந்தா என்ன, நாலாவது தடவ வரக்கூடாதா? கதவச் சாத்திட்டு, கேட்டாத்தான் விடுவேன்னு நிக்கக்கூடாதா? உன்னால முடியாதா என்ன?"

எஜே இதற்கு அசந்துபோனார். மதியம் என்னிடம், "அவர் சொல்றதுலயும் ஒண்ணு இருக்கு," என்றார். "நாலாவது தடவ போகலாம்னு தோணுச்சு. போகல. கூட்டத்துல வெச்சே ஒடைக்கணும்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருந்துச்சு சுல்மா. எனக்கு மட்டும் ஏன் வலிக்கணும்னு."

ஜூன் பாதியில் சாரி-தோபோவுக்கு டேங்கர் போனது. முதல் வாரம் முப்பத்தொரு குடும்பம்தான் ஊற்றினார்கள். மற்றவர்கள் நம்பவில்லை. ஆகஸ்டில் நாற்பத்தேழு ஆனது. மாட்டை விற்றவர்களில் இரண்டு பேர்தான் திரும்ப வாங்கினார்கள். ஜூரா எஜே பழையபடி பால் அளந்தாள். வாரத்துக்கு ஒருமுறை கனிஷாய் எஜேயைக் கூப்பிட்டு, "இப்ப என்ன கலர்ல இருக்கோம்?" என்று கேட்பாள்.

ஏசென் பைகே அந்தக் கோடை முழுக்க எஜேயோடு வேலைக்கு வேண்டிய வார்த்தைக்கு மேல் ஒன்று பேசவில்லை. ஆகஸ்ட் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடவுமில்லை. அறிக்கையைப் போட்டுவிட்டால் போதும், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். பங்குதாரர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எண்ணையும் தொட்டுத் தொட்டு உள்ளே போனார்கள். முக்கால் மணி நேரக் கூட்டம் நான்கு மணி நேரம் இழுத்தது. ஜூலை எட்டாம் தேதி ஒரு டேங்கர் ஏன் தாமதம் என்பதற்கே ஒமோர் பைகே நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். டயர் பஞ்சராம். அப்புறம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒருநாள் கொழுப்பு 3.6 என்பதற்குப் பதிலாக 36 என்று நான் எழுதியிருந்தேன்.

"இது மாடு குடுத்த பாலா, மாடே உருகி வந்துருச்சா?" என்றார். ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

வெளியே வந்தால் எஜே என் சோதனைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே என்ன நடந்தது, யார் எதைத் தொட்டார்கள், எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நின்றார்கள் என்று துளைத்தெடுத்தார். அறிக்கையின் முதல் பக்கத்தில் எதைத் தொடவேண்டும், எதற்கு அவசியமில்லை என்று ஒரு பத்தி எழுதிவைக்கவேண்டும் என்றார். அதை எட்டுத் தடவை எழுதினார். எட்டையும் நான் படிக்கவேண்டியிருந்தது.

செப்டம்பரில் ஒரு காலை ஏசென் பைகே எஜேயின் அறைக்கு வந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். நின்றபடியே திரையில் எதையோ காட்டினார். ஏரியின் வடகரையில் ஒரு நிலையத்தில் மூன்று நாளாகத் தொட்டி சரியாகக் குளிரவில்லை. ஓட்டுநரின் குறிப்பை அவரே திறந்து படித்திருக்கிறார்.

"இதுக்கும் அந்த ஒரே ஆள்தான் போகணுமா?" என்று கேட்டார்.

"ஆமா பைகே. இன்னிக்குச் சீஸ் பிரிவுல இருக்கான்."

"அவன இப்பவே அனுப்பு. இன்னொரு ஆளுக்கு விளம்பரம் குடு."

இரண்டாவது மெக்கானிக் அக்டோபரில் வேலையில் சேர்ந்தான்.